முகம் பார்க்கும் படலம்

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வைபவத்தைப் பற்றி நம் கதாசிரியர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் அவர்கள் பேனா வழியே காவேரியாகப் பெருகியிருக்கின்றன. நானே மூன்று நாவல்களில் சொஜ்ஜி கிண்டியிருக்கிறேன். ஆனால், பிறக்கப் போகிற ஒரு பத்திரிகைக்கு முகம் பார்ப்பது என்று ஒரு வைபவம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் விஸ்தாரமாக எழுதியதாக எனக்கு நினைவில்லை. இதிலும் தரகர் உண்டு. பவுடர் பூசிய படங்கள் உண்டு. "மூக்குதான் கொஞ்சம் சப்பை" என்று இழுக்கும் அத்தைமார் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம். பெண்ணுக்கு வாய் உண்டு. பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுவாள். பத்திரிகைக்கு வாயில்லை. யாரோ பூட்டிய முகத்தோடு அது ஆயுள் முழுவதும் கடைத்தெருவில் தொங்க வேண்டியதுதான்.

தஞ்சாவூர்ச் சீமையைப் பற்றிக் காலாண்டு இதழ் ஒன்று தொடங்குவதென்று மூன்று இளைஞர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். ஒருவர் வலங்கைமான் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். இன்னொருவர் பாங்கி குமாஸ்தா. மூன்றாமவள் தமிழில் ஆராய்ச்சி செய்யும் பெண். கதை, கட்டுரை, ஊர்க் கதைகள் எல்லாம் கையில் தயார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண் இரண்டு வருஷமாக வாய்க்கால் வாய்க்காலாக அலைந்து, எழுபது வயது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய பேச்சு ஒரு பெரிய கட்டு இருக்கிறது. மடை திறந்த சண்டை, வெள்ளத்தில் கரை காத்த ராத்திரி, நடவுப் பாட்டுக்காரிகளின் வம்பு என்று அதில் இல்லாதது இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் நான் இந்த விவகாரத்தில் தலையைக் கொடுத்தேன். பணமும் ஓரளவு தயார்; பாங்கிக்காரர் இருக்கிறார் அல்லவா? (பாங்கியின் பணம் அல்ல, அவருடைய சம்பளப் பணம் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.) பத்திரிகையின் பெயரை மட்டும் வெளியிடக் கூடாதென்று எனக்கு உத்தரவு. பெயர் பதிவாகிற வரைக்கும் பரம ரகசியமாம்.

"விஷயமெல்லாம் ரெடி ஸார். டிஸைன் ஒண்ணுதான் பாக்கி. அரை மணி நேர வேலை" என்று சொல்லிக்கொண்டு, மடிக்கணினியை என் ஊஞ்சல் பலகையில் வைத்துத் திறந்தார்கள்.

அந்த அரை மணி நேர வேலை ஆறு வாரமாக நடந்துகொண்டிருக்கிறது.

இந்தக் காலத்தில் பக்கத்தை யாரும் புதிதாகக் கட்டுவதில்லை என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். தயார் அச்சுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலைப்பு, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மலைச்சிகரம், நடுவே லத்தீன் பாஷை போலத் தோன்றும் அர்த்தமில்லாத வாக்கியங்கள். அவற்றை வழித்தெடுத்துவிட்டு நம்முடைய சரக்கைக் கொட்டினால் பத்திரிகை ஆகிவிடும். தீபாவளிக்கு முன் பாத்திரக் கடையில் பட்சண அச்சு பொறுக்குகிற மாதிரிதான் இது. ஆனால் ஓமப்பொடித் தட்டைப் போட்டுக்கொண்டு முறுக்கு மாவைத் திணித்தால் கை வலிதான் மிஞ்சும் என்பது நம் வீட்டு ஸ்திரீகளுக்குத் தெரியும். கும்பகோணத்து டி.டி.பி. கடை ஆபரேட்டருக்கு அது தெரியாது. பதினான்கு மாதிரிகளைப் பொறுக்கி, "எது வேணும்னாலும் பொருந்தும் ஸார்" என்று கொடுத்தனுப்பியிருந்தார்.

பதினான்கையும் வர்ணிக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். முதல் மாதிரி கிராமியம். நான்கு மூலையிலும் பனைமரம், மாட்டு வண்டி, ஏர் பிடித்த உழவன். எங்கள் பக்கத்து ஆற்றங்கரையில் மூங்கிலும் தென்னையும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிற்கின்றன. இவர்களுக்குப் பனைமரம்தான் அகப்பட்டது. மாட்டு வண்டியை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில். அதற்கு மாடு கிடையாது. பூச்செடி நட்டு வைத்திருந்தார்கள். இரண்டாவது மாதிரியில் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் பெரிய கோயில் விமானம் நிழலாகத் தெரிந்தது. அதன் மேல் எழுத்து. ராஜராஜன் அவ்வளவு உயரம் கட்டியது நம் கட்டுரை ஏறி உட்காருவதற்கு அல்ல. கலசம் வருகிற இடத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வரி மங்கிப் போயிற்று. மூன்றாவது, கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. ஆசிரியருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தினம் கரும்பலகையோடு குடித்தனம் செய்கிறவர், ஆசை விடுமா?

நான்காவதைப் பார்த்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையிலேயே அழகாக இருந்தது. பரந்த வெள்ளைப் பக்கம். அதன் நடுவே கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்கி, மெல்லிய சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு எழுத்துக்கள். தலைப்பு, கோடு எதுவும் கூச்சல் போடாமல் அடக்கமாக நின்றன. அறுவடைக்குப் பிறகு தாளடி வயலில் நாரை ஒன்று தனியாக நிற்குமே, அந்த மாதிரி இருந்தது.

"இதுதான் ஸார்" என்றாள் அந்தப் பெண். ஆசிரியர் கரும்பலகையை மறந்தார். பாங்கிக்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார்.

நான் அந்த மாதிரியில் ஒரு பக்கத்தை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் குடமுருட்டிக் கரையில் இருக்கும் பெரியப்பாவைப் பார்க்கப் போகிற வேலை இருந்தது. அவருக்கு வயது எண்பத்து நான்கு. ஒரு கண்ணில் சதை உரித்தாயிற்று. இன்னொன்றைப் "பார்த்துக்கலாம்" என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறார். ஒரு பத்திரிகையை அட்டையில் இருக்கும் விலையிலிருந்து ஆரம்பித்து, கடைசிப் பக்கத்தில் அச்சாபீஸ் விலாசம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் என் அநுபவத்தில் அவர் ஒருவர்தான். எழுத்தாளன் என்றால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். நான் உறவுமுறையிலும் கும்பிட வேண்டியிருப்பதால் ஒரே வேலையாக முடிந்துவிடுகிறது.

தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். "காகிதம் ஒசத்தி" என்றார். திண்ணை ஓரத்து வெயிலுக்கு நகர்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"எறும்புச் சாரை மாதிரி நடுவிலே ஏதோ ஓடுதே, அதுதான் எழுத்தா தம்பி?"

"ஆமாம் பெரியப்பா."

"இவ்வளவு இடம் கிடக்கே, எதுக்கு இப்படி ஒரு மூலையிலே நெருக்கிக்கிட்டு நிக்குது? ஆமாம், யாரு படிக்கறதுக்காகப் போடறாங்க இதை?"

அச்சடித்த அந்தப் பக்கத்தில் இருந்தது, அவரைப் போன்ற ஒருவர் சொன்ன பேச்சு. பக்கத்துக் கிராமத்துக்காரர், பெரியப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். வெள்ளக் காலத்தில் கரை காத்த கதையை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். அந்தக் கதை அச்சாகி வந்தால் முதல் பிரதியை அவர் கையில்தான் கொண்டு போய்க் கொடுப்பாள். அவர் தம்முடைய பேச்சைத் தாமே படிக்க முடியாமல், பேரனைக் கூப்பிட்டு, "என்ன போட்டிருக்கு, வாசி" என்று கேட்க வேண்டும். இதை நினைத்ததும் அந்த அழகான வெள்ளைப் பக்கத்தின் மேல் எனக்கு இருந்த மயக்கம் தெளிந்துவிட்டது.

இதைப் போய்ச் சொன்னதும் பாங்கிக்காரர் முகம் வெளுத்தது. கணக்கு அவர் கையில் தயாராக இருந்தது. எழுத்தின் அளவைப் 'பாயிண்ட்' என்று சொல்வார்கள்; ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். மாதிரியில் இருந்தது 10 பாயிண்ட். அதை 12 ஆக்கினால் என்ன ஆகும்? ஐந்தில் ஒரு பங்குதானே கூடும் என்று நீங்களும் நானும் நினைப்போம். எழுத்து உயரத்தில் வளர்கிறபோது அகலத்திலும் வளர்கிறது. ஆகையால் 100 சதுரம் பிடித்த இடத்தில் 144 சதுரம் பிடிக்கும். 48 பக்க இதழ் ஏறக்குறைய 70 பக்கமாகிவிடும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்றால், மூன்று ஃபாரத்தில் முடிய வேண்டியது நாலரை ஃபாரத்துக்குப் போகும்.

"காகிதமா, கண்ணா? ரெண்டிலே ஒண்ணைச் சொல்லுங்க ஸார்" என்றார்.

இந்தக் கேள்வி நம் காவேரிக் கடைமடையில் முந்நூறு வருஷத்துக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது. கேட்ட ஊர் தரங்கம்பாடி.

1620-ல் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706-ல் ஸீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் வந்து இறங்கினார். வயது இருபத்து நாலு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சரிசமமாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். வந்த காரியம் மதப் பிரசாரந்தான், அது இருக்கட்டும். எனக்கு வேண்டியது அவருடைய அச்சாபீஸ்.

இங்கிலாந்திலிருந்த ஒரு கிறிஸ்தவ சங்கத்தார் அவருக்கு ஓர் அச்சு யந்திரம் அனுப்பினார்கள். அது வந்த கதையே ஒரு தொடர்கதைக்குக் காணும். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள்; பணம் கட்டி மீட்க வேண்டியிருந்தது. கூட வந்த அச்சுக்காரர் கடல் பயணத்திலேயே இறந்துபோனார். யந்திரம் மட்டும் 1712-ல் ஊர் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியில், ஹாலே நகரத்தில் தயாராயின. தமிழ் நாட்டையே பார்த்திராத ஒரு கைவினைஞன், காகிதத்தில் எழுதி அனுப்பிய மாதிரியைப் பார்த்துப் பார்த்து நம் 'ஐ'யையும் 'ஞ'வையும் வெட்டியிருக்கிறான். அவன் பட்ட பாட்டை நினைத்தால் நம் பிள்ளைகள் 'ஞ' எழுதப் படும் பாடு ஒன்றுமே இல்லை.

1713-ல் அந்த எழுத்துக்கள் வந்து இறங்கின. அவற்றோடு வந்தார் ஆட்லர் என்ற அச்சுக்காரர். எழுத்து தெளிவாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் பூசணிக்காய்! பெரிய எழுத்து காகிதத்தைத் தின்றது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது பரமனுக்குத்தான் வெளிச்சம். அந்த எழுத்தில் அடித்தால் ஒரு பெரிய புத்தகத்துக்குக் காகிதம் கட்டுப்படியாகாது.

அவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்திலிருக்கும் பொறையாறில் எழுத்து வார்க்கும் பட்டறை போட்டார்கள். ஆட்லர் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தார். அதற்கு ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்த பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று ஒரு சரித்திரம் சொல்லுகிறது. வெள்ளைக்காரன் பாலாடைக்கட்டி தின்ற மிச்சத்தில் தமிழ் 'அ'வும் 'ஆ'வும் பிறந்தன என்று நினைக்கும்போது எனக்கு ஒரே சந்தோஷமாயிருக்கிறது. அதோடு விட்டார்களா? காகித ஆலை ஒன்றும் அதே பொறையாறில் வைத்தார்கள். 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வந்தன. மிச்சமும் சேர்ந்து 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாயிற்று. ஸீகன்பால்க் 1719-ல், முப்பத்தாறு வயதில் காலமானார். அவர் கட்டிய புது ஜெருசலம் கோயிலிலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

தமிழ் எழுத்து அச்சேறியது அப்போதுதான் முதல் தடவை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கச் சிறு புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் பக்கத்தின் அளவையும் எழுத்தின் அளவையும் காகிதத்தின் கையிருப்பையும் ஒன்றாக வைத்து மண்டையைக் குழப்பிக்கொண்ட காட்சி தரங்கம்பாடியில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு விசேஷமும் உண்டு. கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் கத்தோலிக்கர். தரங்கம்பாடிக்காரர்கள் லூத்தரன்கள். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் கண்டித்து எழுதிய எழுத்துக்கு அளவில்லை. ஆனாலும் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் எங்கே அச்சாயிற்று? தரங்கம்பாடி அச்சகத்திலேதான்! இலக்கியச் சண்டை போடுகிற நம் பத்திராசிரியர்கள் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப கடைசியிலே சின்ன எழுத்துதானே ஸார் ஜெயிச்சுது?"

ஊஞ்சல் சங்கிலி ஒரு தடவை கிறீச்சிட்டது. ஆராய்ச்சி செய்கிற பெண்களிடம் சரித்திரம் பேசும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆனால் அவள் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. பொறையாறில் எழுத்து ஏன் சிறுத்தது? காகிதம் இல்லாததனால். புத்தகம் முழுவதும் வாசகன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதனால். கண்ணுக்கு எட்டுகிற மட்டும் குறைத்தார்கள். காகிதத்தின் மூலை வரைக்கும் எழுத்தை நிரப்பினார்கள். நம் மாதிரிப் பக்கத்தில் எழுத்து ஏன் சிறுத்திருக்கிறது? பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும்போதே சிறுத்திருக்கிறது. அங்கே பஞ்சத்தில் மெலிந்த உடம்பு. இங்கே கல்யாண விருந்தில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒரு கரண்டி மோர் போதும்" என்கிறவர்களுடைய மெலிவு.

"வெத்திடம்னா வீணான இடம் இல்லை ஸார். அது மூச்சு" என்றாள்.

அதுவும் வாஸ்தவந்தான். சரஸ்வதி மஹாலில் ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓலையில் துளைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதியிருப்பார்கள், கயிறு உராய்ந்து எழுத்து அழியாமல் இருக்க. அந்த ஓரம் சும்மா விட்ட ஓரம் அல்ல. ஆனால் அந்த ஓரத்தை விட்டால் ஓலையில் மூச்சு விட வேறு இடமே கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை, பத்தி இல்லை, புள்ளிகூட இல்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதைப் படிக்கிறவன்தான் தன் அறிவால் கண்டுபிடிக்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்று நாம் காணும் கொம்பு வித்தியாசத்தைக் கொண்டுவந்தவர் மேலே சொன்ன வீரமாமுனிவர்.

ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தபோது பக்கத்துக்கு முகம் பார்த்தவர்களில் பெரியவர் என்று நான் நினைப்பது எங்கள் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரை. உ. வே. சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியரானார். அதே வருஷம் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், 'சீவக சிந்தாமணி படித்ததுண்டா?' என்ற பொருளில் கேட்ட கேள்வி எல்லோரும் அறிந்தது. 1887-ல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சாகி வெளிவந்தது. அந்த ஏழு வருஷத்தில் அவர் சுவடி தேடி அலைந்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்குப் பிறகு செய்த ஒரு வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. சுவடியில் மூலமும் உரையும் ஒரே கஞ்சியாகக் கலந்து கிடந்தன. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைகாரர் எடுத்துக்காட்டுகிற பாட்டு எந்த நூலைச் சேர்ந்தது என்று பிரித்துப் பிரித்து நிறுத்த வேண்டும். புள்ளி வைக்க வேண்டும். முகவுரை வேண்டும், குறிப்பு வேண்டும், அகராதி வேண்டும். இந்தப் பக்கத்தைப் பிரிக்கப் போகிறவன் மடத்தில் பாடம் கேட்ட வித்துவான் மட்டும் அல்ல, காலேஜ் பிள்ளையும்கூட என்பதை எண்ணிப் பார்த்து அமைத்த பக்கம் அது. இன்றைக்கும் அவர் பதிப்பைத் திறந்தால் எந்தச் செய்தி எந்த மூலையில் இருக்கும் என்று கை தானாகப் போகிறது. என்னுடைய அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரிய டிஸைன் கிடையாது.

மட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் பாங்கிக்காரருக்கு முகப்பில் பல வர்ணப் படம் போட்டே தீர வேண்டும். படம் இல்லாவிட்டால் விற்காது என்றார். 1935-ல் லண்டனில் பெங்குவின் புத்தகங்கள் வெளிவந்தபோது கடைக்காரர்களும் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். ஆறு பென்ஸ் விலை. மட்டையில் படம் கிடையாது. மேலும் கீழும் ஒரு வர்ணப் பட்டை, நடுவே புத்தகத்தின் பெயர். நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தாலே இன்ன ஜாதிப் புத்தகம் என்று தெரிந்துவிடும். உலகம் பூராவும் விற்றது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினாரே, அதன் முகப்பில் என்ன நடிகையா சிரித்தாள்? கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தியின் கவிதை அதில் வந்தது. புதுக்கவிதைக்கு அது வீடாயிற்று. அதற்கு முன்னால் 'மணிக்கொடி'. 1933-ல் வாரப் பத்திரிகையாகப் பிறந்து, 1935-ல் பி. எஸ். ராமையா கைக்கு வந்ததும் கதைப் பத்திரிகையாக வடிவம் மாறிற்று. சரக்கு மாறியதும் சட்டையும் மாறிற்று. சட்டையை முதலில் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடவில்லை.

"எல்லாம் சரி ஸார். 'எழுத்து' லாபத்திலே ஓடிச்சா?" என்று பாங்கிக்காரர் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பெரியப்பாவிடம் இந்த விவாதத்தையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குக் காகிதத்தின் பாயிண்டு தெரியாது, வயல் தெரியும்.

"ஜூன் பன்னண்டிலே மேட்டூரைத் திறந்து தண்ணி நேரத்துக்கு வந்தாக் குறுவை விடறோம். தண்ணி தாமசம்னாக் குறுவையை மறந்துட்டுச் சம்பா ஒண்ணோட நின்னுக்கறோம். பக்கத்து ஊர்க்காரன் என்ன விதை விட்டான்னு பார்த்தா விடறோம்? நம்ம வாய்க்கால்லே என்ன வருது, எப்ப வருதுங்கறதுதானே கணக்கு? அந்தப் பிள்ளைங்ககிட்டே எத்தனை பக்கத்துக்குப் பணம் இருக்குன்னு கேளு. படிக்கறவனுக்குக் கண்ணு எவ்வளவு தூரம் போகும்னு பாரு. மிச்சம் அதுக்குள்ளேதான்."

இதைக் கேட்டுவிட்டு பாங்கிக்காரர் இரண்டாவது கணக்குப் போட்டார். 70 பக்கம் என்று அவர் முதலில் சொன்னது, பக்கத்தில் பாதியை வெறுமையாக விடுகிற அந்த வெள்ளை மாதிரியின் கணக்கு. வெறுமையைக் குறைத்து, பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கை எழுத்துக்குக் கொடுத்தால்? 12 பாயிண்டில் அடித்தாலும் 56 பக்கத்துக்குள் அடங்குகிறது. மூன்றரை ஃபாரம். பல வர்ண மட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த அரை ஃபாரம் வந்துவிடும். கணக்கைப் போட்டு முடித்ததும் மட்டைப் படத்தைத் தாமாகவே கைவிட்டார். சொந்தப் பணம் என்றால் ரஸனை எவ்வளவு சீக்கிரம் திருந்துகிறது!

கடைசியில் நிலைத்தது இதுதான். பதினான்கு மாதிரியில் எதுவும் இல்லை. ஆபரேட்டருக்குக் கொஞ்சம் மனவருத்தம். நல்ல கறுப்பு மசியில் 12 பாயிண்ட் எழுத்து. ஒரே பத்தி வரிசை. இரண்டாகப் பிரித்தால் 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' போன்ற நம் நீளமான தமிழ்ச் சொற்கள் வரிக்கு வரி முறிந்து விழும். வெளி ஓரத்தில் கட்டை விரல் அகலத்துக்கு வெற்றிடம். இது அந்தப் பெண் போராடி வாங்கிக்கொண்டது. புத்தகத்தைப் பிடிக்கிற விரல் எழுத்தை மறைக்கக் கூடாது என்று அவள் சொன்ன காரணத்துக்கு எதிர்ப்பேச்சு யாரிடமும் இல்லை. மட்டையில் பெயரும் உள்ளடக்கமும் மட்டும். பனைமரத்துக்கு விடை கொடுத்தாயிற்று.

இந்தப் பக்கத்தை அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியப்பா பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியோடு முதல் பாராவை வாய்விட்டுப் படித்தார். கதை சொன்னவரின் ஊர்ப் பெயர் வந்ததும் நிமிர்ந்து, "அட, அந்த ஆளா! கரை உடைஞ்ச அன்னிக்கு அவரு எங்கே இருந்தாரு, தெரியுமா? மாமியார் வீட்டிலே!" என்றார். அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த இதழுக்குப் பெரியப்பாவிடம் ஒரு மறுப்புரை வாங்கலாம்.

ஒரு சின்னக் குறை மட்டும் அவருக்கு உண்டு. 1978-ல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு முன்னால் 'லை', 'னை' எல்லாம் தலைக்கு மேல் யானைத் துதிக்கையோடு நின்றன அல்லவா? பெரியார் 1935-லேயே தம் 'குடி அரசு' பத்திரிகையில் அதை நறுக்கிவிட்டார்; அரசாங்கத்துக்கு நாற்பத்து மூன்று வருஷம் பிடித்தது. பெரியப்பா கடிதத்தில் இன்றைக்கும் துதிக்கை போட்டுத்தான் எழுதுவார். "யானைக்குத் தும்பிக்கை இல்லாமல் 'யானை'ன்னு எப்படித் தம்பி எழுதறது?" என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் இளைஞர்கள் மசியவில்லை. ஆபரேட்டரிடம் அந்த எழுத்தும் இல்லை.

பாக்கியிருப்பது பக்க எண். தமிழ் எண்ணில் போட வேண்டும் என்கிறாள் ஆராய்ச்சிப் பெண். தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவருக்கும் அது தெரியாது என்கிறார் ஆசிரியர். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்கிறாள். பாங்கிக்காரர் எந்த எண்ணானாலும் 56-க்கு மேல் போகக் கூடாது என்கிறார். பழைய நிலப் பத்திரங்களைப் படித்துத் தமிழ் எண் தெரிந்த பெரியப்பாவைக் கேட்டேன்.

"எதையாவது போடட்டும். கடைசிப் பக்கத்திலே எந்தப் பிரஸ்லே அடிச்சாங்கங்கறதைப் போடாம விட்டுடப் போறாங்க, பார்த்துக்க" என்றார்.